டீக் கம்பெனி, கோலாக் கம்பெனி, நடுவில் ஓர் ஆராய்ச்சி நிலையம்

மூணாறு கண்ணன் தேவன் டீக்கும், அமெரிக்காவில் ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும், பாலக்காட்டு பிளாச்சிமடையில் மூடப்பட்ட கோக்கோ கோலா ஆலைக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறான் என்று நினைக்க வேண்டாம். முடிச்சு நிஜமாகவே இருக்கிறது. அதன் ஒரு நுனியில் இருப்பவர் பெயர் தர்பாரி சேத்.

எங்கள் ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கங்காணி, சூப்பர்வைசர், அதற்கு மேலே பங்களாவில் இருக்கும் தொரை. தொரைக்கு மேலே யார் என்று யாரும் கேட்டதில்லை, சொன்னதும் இல்லை. தர்பாரி சேத் ஒரு ரசாயனப் பொறியாளர். குஜராத் மிதாப்பூரில் உப்பும் சோடா உப்பும் தயாரிக்கும் டாடா கெமிக்கல்ஸை வளர்த்தவர். பிற்பாடு டாடா டீயின் தலைவராகவும் இருந்தார். அதாவது மூணாற்று மலைகளின் மேல் அதிகாரம் வைத்திருந்த கம்பெனியின் தலைவர். இவரே 1974-ல் டில்லியில் தொடங்கிய இன்னொரு அமைப்புக்கும் மூல காரணம். அதுதான் டாடா எனர்ஜி ரிசர்ச் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக டெரி. டில்லி இந்தியா ஹாபிடாட் சென்டருக்குப் போனவர்கள் டெரி இருக்கும் பகுதிக்கே 'தர்பாரி சேத் பிளாக்' என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம்.

இந்தியாவின் மிகப் பெரிய திங்க் டேங்குகளில் ஒன்று (சிந்தனைக் குழாம் என்று தமிழில் சொல்கிறார்கள், எனக்கு அது என்னவோ ஓட்டவில்லை) ஒரு டீக் கம்பெனித் தலைவரின் யோசனையில் பிறந்தது என்பது சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். அதில் தப்பு ஏதும் கிடையாது. பெயரிலேயே டாடா இருந்தது. யார் காசு என்று யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 2003-ல் டாடா பெயரை எடுத்துவிட்டு 'தி எனர்ஜி அண்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட்' என்று மாற்றிக்கொண்டார்கள். சுருக்கப் பெயர் அதே டெரிதான்.

காசு கொடுப்பவரின் பெயர் வெளியே தெரிவது, தெரியாமல் இருப்பது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் மூணாறு.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஆண்டுக்கு 3000 ரூபாய் வாடகைக்கு எழுதி வாங்கினார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் ப்ரொட்யூஸ் கம்பெனி வந்தது. பின்னால் பின்லே கம்பெனி இருந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் நம் பாட்டன் பூட்டன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் டாடா-பின்லே, 1983-ல் டாடா டீ. 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டு மலைகளை எடுத்துக்கொண்டது. ஆனால் தேயிலைக்கென்று சுமார் 57,000 ஏக்கர் திரும்பக் கம்பெனிக்கே போனது. 2005-ல் டாடா டீ தோட்டங்களை விட்டு விலகி, கே.டி.எச்.பி. என்ற புதிய கம்பெனியிடம் ஒப்படைத்தது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்கள் பெயரில். பங்குதாரர் என்று சொல்லப்பட்ட அதே பெண்கள்தான் 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது தொழிற்சங்கத் தலைவர்களையும் ஓரம் கட்டிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெண்பிளை ஒருமை என்று உலகமே பேசியது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று கூட்டி 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

இவ்வளவு சுருக்கமாக ஓட்டியதற்குக் காரணம், சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் லயம் கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, பிள்ளைக் காப்பகம் கம்பெனியுடையது. உடம்புக்கு முடியவில்லை என்று லீவு கேட்டால் முடியவில்லையா இல்லையா என்று சொல்லும் டாக்டருக்கும் சம்பளம் அதே கம்பெனி. அந்த டாக்டர்களில் தங்கமான மனிதர்கள் இருந்தார்கள், அதை மறுக்கவே முடியாது. ஆனாலும் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மாவிடம் போய் "அந்த டாக்டர் யாரு ஆளு?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் சொல்வார். நலன் முரண் என்ற பெரிய வார்த்தையெல்லாம் தெரியாமலே எங்கள் ஊர் ஜனங்களுக்கு விஷயம் தெரியும்.

சரி, மலையிறங்குவோம். மூணாற்றிலிருந்து மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று வந்து, மீனாட்சிபுரம் பக்கம் மறுபடி கேரளாவுக்குள் நுழைந்தால் கொஞ்ச தூரத்தில் பிளாச்சிமடை. கேரளாவில் புறப்பட்டு, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, கேரளாவிலேயே போய்ச் சேரும் பயணம்! கேரளா என்றால் தென்னையும் காயலும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஏமாந்துவிடுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பிரதேசம். பேச்சிலும் சாப்பாட்டிலும் பாதி பொள்ளாச்சி. இரவாளர், மலசர் பழங்குடியினரும் தமிழ் பேசும் கூலி விவசாயிகளும் நிறைய இருக்கும் இடம்.

இங்கே பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து 2000 ஜனவரியில் ஹிந்துஸ்தான் கோக்கோ கோலா கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. மார்ச்சில் ஆலை ஓட ஆரம்பித்தது. 30 ஏக்கருக்கு மேல் நிலம், உள்ளே வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள். ஓரிரு வருடத்தில் சுற்றுப்பட்ட கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. இருந்த தண்ணீரும் கடுத்துப் போனது, அதில் சோறு வேகவில்லை, பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அதன் முகமாக இருந்தவர் மயிலம்மா. இரவாளர் சமூகத்துப் பெண். பள்ளிக்கூடம் போகாதவர். 2007 ஜனவரியில் அவர் காலமானபோது ஆலை மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது.

கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி, கசடு. ஆலையிலிருந்து வரும் கழிவுக் கசடை உரம் என்று சொல்லி அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி அந்தக் கசடின் மாதிரியை எடுத்துப் போய் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கொடுத்தது. காட்மியமும் ஈயமும் இருப்பதாக முடிவு வந்தது. அதன் பிறகுதான் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தானும் சோதித்து, காட்மியம் இருப்பதைச் சொன்னது. கசடு கொடுப்பது நின்றது. ஏன் லண்டனிலிருந்து ஒருவர் வந்து டப்பாவில் எடுத்துப் போக வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றம் போனது. 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே.பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே, வரைமுறையில்லாமல் ஒரு கம்பெனி உறிஞ்ச அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் தீர்ப்பு. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் 2005 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, மழை ஒழுங்காகப் பெய்யும் காலத்தில் ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. எதை வைத்து? கோழிக்கோட்டில் இருக்கும் நீர்வள ஆராய்ச்சி மையம் தலைமையில் நடந்த நிபுணர் ஆய்வை வைத்து. அது கேரள அரசின் மையம். கம்பெனிக் காசில் நடக்கும் நிறுவனம் அல்ல. இதை மனதில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

இனி ஆன் ஆர்பர். நான் இருக்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம். நம்மவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கத் தவம் கிடக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் 2005-ல் ஒரு பிரச்சினையைக் கிளப்பினார்கள். இந்தியாவில் தண்ணீர், பூச்சிமருந்து எச்சம், கொலம்பியாவில் தொழிற்சங்கத்தினர் கொலை. இவ்வளவு குற்றச்சாட்டு இருக்கும் ஒரு கம்பெனியிடம் பல்கலைக்கழகம் ஏன் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சரக்கு வாங்க வேண்டும்? (பூச்சிமருந்து விஷயம் ஞாபகம் இருக்கும். 2003 ஆகஸ்டில் டில்லியின் சி.எஸ்.இ. அமைப்பு 12 குளிர்பானங்களைச் சோதித்துச் சொன்னது. கம்பெனிகள் மறுத்தன. சரத் பவார் தலைமையில் பாராளுமன்றக் கூட்டுக் குழு போட்டார்கள். 2004-ல் குழு, சி.எஸ்.இ. சொன்னது சரிதான் என்றது.) 2005 டிசம்பர் கடைசியில் பல்கலைக்கழகம் கோக் வாங்குவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. காபிக் கடையில் கோக் இல்லை! பிளாச்சிமடைப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அமெரிக்கப் பிள்ளைகள் இப்படிச் செய்தது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை யோசித்துப் பாருங்கள்.

நாலே மாதம். 2006 ஏப்ரலில் கோக் ஒரு உறுதி கொடுத்தது. இந்தியாவில் எங்கள் ஆலைகளைச் சுதந்திரமான மூன்றாம் தரப்பு ஒன்று ஆய்வு செய்யும், நாங்கள் ஒத்துழைப்போம். பல்கலைக்கழகம் மறுபடி வாங்க ஆரம்பித்தது. அந்த மூன்றாம் தரப்பு யார்?

டெரி.

அதன் தலைமையில் அப்போது ஆர்.கே.பச்சௌரி. 1980-களின் தொடக்கத்திலிருந்தே டெரியை நடத்தி வந்தவர். 2002 முதல் ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.க்கும் தலைவர். அடுத்த வருடமே, 2007-ல், அந்தக் குழு அல் கோருடன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. ஆக, பெயருக்கு ஒரு குறையும் இல்லாத நிறுவனம், பெயருக்கு ஒரு குறையும் இல்லாத தலைவர்.

ஆனால் இந்தியா ரிசோர்ஸ் சென்டர் என்ற பிரசாரக் குழு உடனே கையைத் தூக்கியது. டெரிக்குக் கோக் ஏற்கனவே நிதி ஆதரவு தந்த கம்பெனி, இருவருக்கும் பழைய உறவு இருக்கிறது, இதை எப்படிச் 'சுதந்திரமான' ஆய்வு என்று மாணவர்களிடம் விற்கிறீர்கள் என்று கேட்டது. இந்த ஆய்வுக்கும் காசு கோக்கோ கோலாதான் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பாலுக்குப் பூனை காவலா என்று நம் ஊரில் ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

நான் அப்படி ஒரு வரியில் முடிக்கத் தயாராக இல்லை. என் பிழைப்பே தணிக்கை. கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்குப் போய், காகிதத்தில் எழுதியிருப்பதும் தரையில் நடப்பதும் ஒன்றா என்று பார்ப்பது. இந்தத் தொழிலில் தணிக்கை செய்யப்படுபவர்தான் தணிக்கைக்குப் பணம் கட்டுகிறார். உலகம் முழுக்க அப்படித்தான். வேறு யார் கட்டுவார்கள்? அதனால் காசு வாங்கியதாலேயே அறிக்கை பொய் என்று சொன்னால் என் தட்டிலேயே மண் அள்ளிப் போட்ட மாதிரி. ஆனால் எங்கள் தொழிலுக்குச் சில கறாரான விதிகள் உண்டு. ஒரு ஆலைக்கு ஆலோசனை சொல்லிச் சம்பாதித்தவர் அதே ஆலைக்குத் தணிக்கை செய்ய வரக்கூடாது. எந்தப் பகுதியைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று தணிக்கை செய்யப்படுபவர் தேர்ந்தெடுக்க முடியாது. பழைய தொடர்பு இருந்தால் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அறிக்கையைப் படிப்பவர் எவ்வளவு உப்புச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

டெரி அறிக்கை 2008 ஜனவரியில் வந்தது. நாடு முழுக்கச் சுமார் 50 ஆலைகள் இருந்த கம்பெனியில் ஆறு ஆலைகளைப் பார்த்திருந்தார்கள். ராஜஸ்தானில் காலாடேரா, உத்தரப் பிரதேசத்தில் மேதிகஞ்ச், பஞ்சாபில் நபிபூர், மகாராஷ்டிரத்தில் பிரங்குட், ஆந்திரத்தில் (இப்போது தெலங்கானா) சத்துப்பள்ளி, நம் சென்னைக்குப் பக்கத்தில் நேமம். எல்லோரும் என்ன எதிர்பார்த்தார்கள்? வெள்ளையடித்த அறிக்கை ஒன்று வரும் என்று.

வந்தது வேறு. காலாடேரா விஷயத்தில் டெரி கம்பெனியைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஜெய்ப்பூருக்கு அருகே இருக்கும் ஊர் அது. அங்கே நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டுவிட்டது என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் 1998-லேயே சொல்லிவிட்டது. கோக் ஆலை அங்கே ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகு, 2000-ல்! இந்த ஆலை தொடர்ந்து ஓடினால் சுற்றியுள்ள ஜனங்களின் தண்ணீர்க் கஷ்டத்துக்கு அதுவும் ஒரு காரணமாகவே இருக்கும் என்று டெரி எழுதியது. நான்கு வழி சொன்னது. தண்ணீர் உள்ள வேறு இடத்திலிருந்து கொண்டு வாருங்கள். உபரி இருக்கும் காலத்தில் சேமித்து வையுங்கள். ஆலையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் மூடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு 'மூடுங்கள்' என்று எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்த அறிக்கையை எழுதிய விஞ்ஞானிகளுக்கு அதற்கான மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். மேலே ஓரமாக வைக்கச் சொன்ன கோழிக்கோட்டு மையத்தை இப்போது எடுங்கள். அரசுக் காசில் நடக்கும் ஆய்வு, கோக்குக்கு 5 லட்சம் லிட்டர் கொடுத்தது. கோக் காசில் நடந்த ஆய்வு, கோக்கை மூடச் சொன்னது. 'யார் காசு' என்று கேட்டு விடையைச் சொல்லிவிடலாம் என்றால் இரண்டு இடத்திலும் தப்பான விடைதான் வந்திருக்கும்.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த ஆறில் பிளாச்சிமடை இல்லை. ஆலை ஓடவில்லையே, எதை ஆய்வு செய்வது என்பது நியாயமான பதில்தான். ஆனால் மிச்சிகன் மாணவர்கள் கோபப்பட்டதற்கு முதல் காரணமான ஊர்களில் ஒன்று அந்த ஆய்வுக்கு உள்ளேயே வரவில்லை. ஓடுகிற ஆலை இனி என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு கேள்வி. நடந்துபோன சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வி கேட்கப்படவே இல்லை. கேட்காத கேள்விக்கு யாரும் தப்பான பதில் சொல்ல முடியாது அல்லவா? பணம் கொடுப்பவரின் கை விடைத்தாளில் இருப்பதைவிடக் கேள்வித்தாளில்தான் அதிகம் இருக்கும் என்பது இத்தனை வருடத் தணிக்கையில் நான் பார்த்தது.

அறிக்கை வந்த பிறகு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. காலாடேரா ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. மிச்சிகன் காபிக் கடையிலும் கோக் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டு வருடம் கழித்து, 2016-ல்தான் காலாடேராவில் உற்பத்தி நின்றது. அதற்குள் ஊர் விவசாயிகள் கிணறுகளை எவ்வளவு ஆழப்படுத்தியிருப்பார்கள் என்று கணக்குப் போடுங்கள். 2010-களில் டெரி நடத்தும் பல்கலைக்கழகத்தில் நீர் ஆய்வுக்கென்றே ஒரு துறை வந்தது. அதன் பெயரிலேயே கோக்கோ கோலா இருந்தது. கம்பெனி உதவியில் தொடங்கிய துறை. இங்கே மறைப்பு எதுவும் இல்லை, பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் 2006-ல் சந்தேகப்பட்டவர்களைப் பார்த்து 'நீங்கள் சந்தேகப்பட்டது அநியாயம்' என்று இனி யாரால் சொல்ல முடியும்?

பச்சௌரியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2009 டிசம்பரில் லண்டன் சண்டே டெலிகிராப் பத்திரிகை, அவர் பல கம்பெனிகளில் ஆலோசகராக இருந்து சம்பாதிக்கிறார் என்ற தொனியில் எழுதியது. பெரிய புயல். கே.பி.எம்.ஜி. கணக்கைப் பார்த்தது. கம்பெனிகள் கொடுத்த பணம் டெரிக்குப் போயிருக்கிறது, அவர் பையில் போகவில்லை என்று சொன்னது. 2010 ஆகஸ்டில் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. தனிமனிதர் மேல் சொன்ன குற்றச்சாட்டு அதோடு முடிந்தது. ஆனால் 'எனக்கு வரவில்லை, என் நிறுவனத்துக்குத்தான் வந்தது' என்பது திருட்டுக் குற்றத்துக்குப் பதில். சார்பு பற்றிய கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை. நிறுவனத்தை வளர்ப்பதே வாழ்க்கை என்று இருக்கும் ஒரு தலைவருக்கு, நிறுவனத்துக்கு வரும் காசு சொந்தக் காசைவிடப் பெரிது. (2015-ல் அவர் முற்றிலும் வேறு ஒரு புகாரில் சிக்கிப் பதவிகளை விட்டு விலகினார், 2020-ல் காலமானார். அது இந்தக் கதையில் வராது.)

டெரி கதை மறைந்தும் மறையாமலும் இருப்பது. முழுக்கவே மறைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க இங்கேயே அமெரிக்காவில் ஒரு உதாரணம், அதுவும் அதே கம்பெனி. 2015-ல் குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க் என்று ஒரு விஞ்ஞானிகள் குழு. உடல் எடை கூடுவதற்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள், உடற்பயிற்சி போதாததுதான் பெரிய காரணம் என்பது அவர்கள் செய்தி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது: குழுவைத் தொடங்கக் கோக் கொடுத்தது 15 லட்சம் டாலர், குழுவின் இணையத்தளம் பதிவாகியிருப்பதே கோக் தலைமையகத்தின் பெயரில். ஒருவர் கேட்டு எழுதும்வரை அந்தத் தளத்தில் கோக் பெயரே இல்லை. கொலராடோ பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. டிசம்பரில் குழு கலைந்தது. தர்மசங்கடம் தாங்காமல் கோக் தானாகவே ஒரு பட்டியலை வெளியிட்டது. ஐந்து வருடத்தில் ஆராய்ச்சிக்கும் ஆரோக்கியக் கூட்டுத் திட்டங்களுக்கும் கொடுத்தது சுமார் 12 கோடி டாலர். நம் வீட்டுக் குழந்தை மருத்துவர் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் பெயர்கூட அந்தப் பட்டியலில் இருந்தது, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

இதற்கும் முன்னோடி 1978-ல் தொடங்கிய ஐ.எல்.எஸ்.ஐ. என்ற உணவு அறிவியல் நிறுவனம். தொடங்கியவர் அலெக்ஸ் மலஸ்பினா, கோக் கம்பெனியின் அதிகாரி. கிளைகள் இந்தியாவிலும் சீனாவிலும் உண்டு. உணவுப் பொட்டலத்தில் எச்சரிக்கை முத்திரை வேண்டுமா வேண்டாமா என்று இந்தியாவில் ஆராய்ந்த நிபுணர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஐ.எல்.எஸ்.ஐ.யின் அறங்காவலரும்கூட என்று 2019-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2021-ல் கோக் அந்த அமைப்பிலிருந்து விலகிக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இந்தியாவில் ஒரு அமைப்பு வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கினால் எப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி யாரிடம், எவ்வளவு என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். மீறினால் உரிமம் போய்விடும். நாம் இங்கிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் நன்கொடைக்கே எத்தனை காகிதம் என்று அனுப்பியவர்களுக்குத் தெரியும். ஆனால் உள்நாட்டுக் கம்பெனியிடம் வாங்கும் பணத்தை ஒரு ஆராய்ச்சி நிலையம் அதே அளவுக்குப் பொதுவெளியில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2013-ன் கம்பெனிச் சட்டம் வந்த பிறகு, லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிடும் கம்பெனிகள் அந்தக் கணக்கை வெளியிடுகின்றன. அதிலிருந்து பின்னோக்கித் தேடிப் பிடிக்கலாம். தேட நேரம் இருப்பவர்களுக்கு! அமெரிக்காவிலும் நிலைமை ஒன்றும் உசத்தி இல்லை. இங்கே அறக்கட்டளைகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் படிவத்தில் பெரிய நன்கொடையாளர் பெயர்கள் இருக்கும், பொதுமக்கள் பார்க்கும் பிரதியில் பொதுவாக இருக்காது.

பிளாச்சிமடைக்குத் திரும்புகிறேன். டெரி கேட்காத கேள்வியைக் கேரள அரசே கடைசியில் கேட்டது. கே.ஜெயக்குமார் ஐ.ஏ.எஸ். தலைமையில் உயர்மட்டக் குழு போட்டார்கள். விவசாயம், உடல்நலம், குடிநீர், கூலி இழப்பு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, சேதம் 216.26 கோடி ரூபாய் என்று 2010 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்கள். அந்தக் குழுவுக்குச் சட்ட அதிகாரமே இல்லை என்று கோக் ஏற்க மறுத்தது. 2011 பிப்ரவரியில் கேரள சட்டசபை, நஷ்ட ஈட்டை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மசோதா டில்லிக்குப் போனது. அங்கே ஒரு அமைச்சகத்திலிருந்து இன்னொரு அமைச்சகத்துக்கு ஐந்து வருடம் நடந்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமலே 2016 வாக்கில் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்தது. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில், பிளாச்சிமடை ஆலையை மறுபடி திறக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்று கம்பெனி வக்கீல் சொன்னார். வழக்கு அத்துடன் முடிந்தது. 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்ற 2005 தீர்ப்பு சரியா தப்பா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.